மக்சிக் நின்ற ஜாமீன்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் நான் உடுத்தியிருந்தது சாக்கு. கடைகளில் துணி கிடையாது. கல்யாணச் சேலை ஒன்று மிச்சம் இருந்தது. அதைச் சுருட்டிக் கூரைச் சட்டத்தில் செருகி வைத்திருந்தேன். பால் மரம் வெட்டப் போகும்போதும் அடுப்படியிலும் சாக்கைப் பிரித்துத் தைத்த பாவாடைதான். புதுச் சாக்கு இடுப்பைச் சுற்றி அரித்து எடுக்கும். ஆற்றுக் கல்லில் பல தடவை அடித்துத் துவைத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கும். தோட்டத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தோம் என்பதால் யாரும் யாரையும் பார்த்து வெட்கப்படவில்லை. அந்தச் சாக்கை வைத்துத்தான் என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்தது.

எங்கள் தோட்டம் பெடாஸுக்கு உள்ளே தள்ளி, ரப்பர் மரங்கள் முடிந்து மலாய்க்காரர்களின் நெல்வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபின், கணக்கெழுதும் கிராணிதான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு மேலே சிரம்பானிலிருந்து எப்போதாவது வரும் ஜப்பான் அதிகாரி. அரிசிப் படி குறைந்துகொண்டே வந்து கடைசியில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு என்று ஆனபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் சிலர் வயலைத் தாண்டி மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தோம்.

நான் போனது ஒரு மலாய்க்கார அம்மாள் வீட்டுக்கு. வயதில் பெரிய பெண்களை மலாயில் மரியாதையாகக் கூப்பிடுவதுபோல நாங்கள் அவரை மக்சிக் என்றே அழைத்தோம். ரெம்பாவ் பக்கத்து வழக்கப்படி பூர்வீக நிலம் பெண்களுக்குத்தான். வயலும் வீடும் மக்சிக்குடையது. அவருடைய புருஷன் அங்கே வந்து குடியிருப்பவர் போல அமைதியாக மீன் வலை பின்னிக்கொண்டிருப்பார். நான் நாற்று நடுவேன், நெல் குத்துவேன். மக்சிக் அரிசியை வாழை இலையில் கட்டி, மேலே கீரையை வைத்து மறைத்துக் கொடுப்பார். விளைந்த நெல்லில் பெரும்பங்கை ஜப்பான்காரனுக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவு அப்போது இருந்தது. ஒளித்துவைத்தது தெரிந்தால் அடி, உதை, அதற்குமேல் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மக்சிக் கொடுத்தார். எங்கள் லயத்தில் எத்தனையோ பிள்ளைகள் அந்த அரிசிக் கஞ்சியில் பிழைத்தன. ஒருநாள் நான் கந்தலோடு வயலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, பெடாஸ் பசாரில் வாங்கிவந்த சாக்கு ஒன்றையும் தந்தார். அதைத்தான் பாவாடையாகத் தைத்துக்கொண்டேன். அதில் நீல மையில் ஏதோ முத்திரை இருந்தது. துவைத்தும் போகவில்லை. நானும் பொருட்படுத்தவில்லை.

பிறகு ஒரு வாரம், தோட்டத்து ஸ்டோரில் ஜப்பான்காரனுக்காக அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளில் சில காணாமல் போயின. கிராணி பயந்துபோய் உடனே பெடாஸ் ஸ்டேசனுக்கு ஆள் அனுப்பினார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். போலீஸ்காரர்களை அப்போது ‘மாத்தா’ என்போம். ஓர் இளவயது மாத்தா வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவன் என் எதிரில் நின்றான். கையிலிருந்த தடியால் என் இடுப்புப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினான். நீல முத்திரை. ஸ்டோர் மூட்டைகளிலும் அதே முத்திரைதான்.

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் வரிசையை விட்டு வெளியே வந்தார். கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் சத்தமில்லாமல்தான் சொன்னார்.

“வீட்டுக்கு வர்ற சாமானுக்கு நான்தான் பொறுப்பு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைக் கேளுங்க.”

அவர் கைகளைப் பின்னால் கட்டினார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது குனிந்த தலையோடு தமிழில், “வயலுக்கு அந்தாண்ட பேச்சு எடுக்காத, புள்ள,” என்று மட்டும் சொன்னார். மக்சிக் பெயரைச் சொன்னால் போலீஸ் அந்த வீட்டைச் சோதனை போடும், நெல்லைக் கண்டுபிடிக்கும், அதோடு எல்லாம் முடிந்தது என்பதை நான் யோசித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் அந்த ஒரு நொடியில் யோசித்திருந்தார்.

மறுநாள் அவித்த கிழங்கைக் கட்டிக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தேன். வாசலில் நின்ற காவல்காரனுக்குக் குனிந்து வணக்கம் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். லாக்கப் கம்பிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்த விதமே சரியில்லை. இடது காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் காய்ந்திருந்தது. சாக்கு எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, மூட்டைகள் எங்கே என்று மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். கீழே கிடந்து எடுத்தேன் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் கிழங்கில் உப்புப் போட்டாயா என்று கேட்டார். உப்புக்கு எங்கே போவது? போட்டேன் என்றேன். சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

அந்த ஸ்டேசனில் நரைத்த மீசையோடு ஒரு மலாய்க் கார்ப்பரல் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதே மேசை. அடித்தது அவரில்லை, அவர் வெளியூர் போயிருந்தபோது நடந்தது. நான் திரும்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எனக்குத் தெரிந்த பசார் மலாயில் புரியும்படி நிதானமாகப் பேசினார். இந்த வழக்கு ஜப்பான்காரன் அரிசி சம்பந்தப்பட்டது என்பதால் சிரம்பானில் உள்ள ராணுவப் போலீஸ் ஆளைக் கேட்டு அனுப்பும். அங்கே போனவர்கள் திரும்பி வருவது அரிது. அதற்கு முன்னால் ரெம்பாவ் கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் எதிரில் நிறுத்திவிட்டால் அவன் கோர்ட்டின் ஆள். கோர்ட்டின் ஆளைக் கேட்காமல் எடுத்துப்போக அவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

“பழைய சட்டம் இன்னும் இருக்கு. யாரும் அதை எடுத்துப் போடல. நான் அவனை நாளை மறுநாள் கோர்ட்டுல நிறுத்துறேன். நீ ஜாமீனுக்கு ஆள் கொண்டு வா. நிலமோ வீடோ உள்ள ஆளா இருக்கணும்,” என்றார். ஜாமீன் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஜெயிலுக்குப் போவான், ஜெயிலிலிருந்து சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நிலமுள்ள ஆளுக்குத் தோட்டத்தில் எங்கே போவேன்? நாங்கள் குடியிருந்த லயம் தோட்டத்துடையது. நட்ட மரவள்ளிகூடத் தோட்டத்து மண்ணில்தான். கங்காணி பெடாஸில் சொந்த வீடு வைத்திருந்தார். அவர் காலில் விழுந்தேன். ஆள் ஓடினால் ஜாமீன் நின்றவனைப் பிடிப்பார்கள், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது அம்மா என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். அவரை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை. கிராணி கதவைத் திறக்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பால்வெட்டுக்காரர் ஒருவர் மட்டும், “எனக்கு நிலம் இல்ல. என் உடம்பு இருக்கு. அது போதுமான்னு கேட்டுப் பாரு, தங்கச்சி,” என்றார். மக்சிக் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அந்தப் பேச்சையே எடுக்காதே என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

நாற்று நடும் காலம் அது. என்னைக் காணாமல் மக்சிக்கே வயல் வரப்பு வழியாக லயத்துக்கு வந்துவிட்டார். அதற்கு முன் அவர் எங்கள் லயத்துக்குள் கால் வைத்ததில்லை. தலையில் துண்டும் முழங்கால்வரை சேறுமாக என் வாசலில் வந்து நின்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

மக்சிக் என் சாக்குப் பாவாடையைப் பார்த்தார். “இது நான் குடுத்தது. என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னாரு, மக்சிக். உங்க பேரு வெளிய வந்தா நெல்லு போயிடும், நீங்களும் போயிடுவீங்கன்னு.”

“அவனை அடிச்சாங்களா?”

“காதுல ரத்தம்.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, கோர்ட்டு என்றைக்கு என்று மட்டும் கேட்டார்.

அவர் வீட்டில் அன்று நடந்ததைப் பிற்பாடு அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர்கள் குடும்பத்தில் இதுபோன்ற காரியங்களுக்கு அண்ணனைக் கேட்க வேண்டும். அண்ணன் ஒரே அடியாக மறுத்துவிட்டார். பூர்வீக நிலம் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் உரியது, ஒரு தோட்டத்துத் தமிழனுக்காக அதைக் கோர்ட்டில் வைக்க உனக்கு அதிகாரம் இல்லை என்றார். அது சரிதான் என்று மக்சிக் ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்புறம், தானும் புருஷனும் உழைத்து வாங்கிய டுரியான் பழத்தோட்டம் ஒன்று இருக்கிறதே, அது யாரைக் கேட்க வேண்டிய சொத்து என்று கேட்டிருக்கிறார். அண்ணன் எழுந்து போய்விட்டாராம். வலை பின்னிக்கொண்டிருந்த புருஷன் மட்டும் தலையைத் தூக்கி, நானும் கோர்ட்டுக்கு வருகிறேன் என்றிருக்கிறார். நெல்லை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாளைக்குள் அது வேறெங்கோ போயிருந்தது என்பது மட்டும் தெரியும்.

கோர்ட்டு நாளில் விடியும்போதே ரெம்பாவுக்கு நடந்தோம். கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். கோர்ட்டுச் சுவரில் ஜப்பான் கொடி. கடிகாரத்தையும் ஜப்பான் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் வெயில் ஏறாதபோதே அதில் பாதிப் பகல் போயிருந்தது. மாஜிஸ்ட்ரேட் மலாய்க்காரர், ஒல்லியான மனிதர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கார்ப்பரல் என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து கூண்டில் நிறுத்தினார். சட்டை மாற்றி முகம் கழுவியிருந்தார்கள். ஆனாலும் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவர் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுப்பதைப் பார்த்தேன். அப்போதுதான் மற்றக் காது போய்விட்டது என்று புரிந்தது.

ஜாமீன் கொடுக்கக் கூடாது என்று போலீஸ் தரப்பில் ஓர் இன்ஸ்பெக்டர் பேசினார். இவன் காடு அறிந்தவன், விட்டால் ஓடிவிடுவான் என்றார். மாஜிஸ்ட்ரேட் ஜாமீனுக்கு ஆள் உண்டா என்று கேட்க, மக்சிக் எழுந்து முன்னால் போனார். டுரியான் தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவன் உனக்கு என்ன உறவு, ஓடிப்போனால் தோட்டமும் போகும் நீயும் உள்ளே போவாய் தெரியுமா என்று கேட்டார்.

மக்சிக் கூண்டைப் பார்த்தபடியே சொன்னார்: “துவான், அந்தச் சாக்கு என்னுடையது. நான்தான் இவன் பெண்சாதிக்குக் குடுத்தேன். என் பேரைச் சொல்லியிருந்தா அன்னிக்கே இவனை விட்டிருப்பாங்க. அடி வாங்கியும் சொல்லல. ஓடுற ஆளா இருந்தா அப்பவே ஓடியிருப்பான்.”

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அது வேண்டாத உதவி. இத்தனை அடியும் வீணாகிவிட்டதே என்று அந்த நேரத்தில் நினைத்ததாகப் பிறகு சொன்னார். இன்ஸ்பெக்டர் உடனே எழுந்து, அப்படியானால் இந்தப் பெண்ணையும் பிடிக்க வேண்டும் என்றார். மாஜிஸ்ட்ரேட், சாக்கு உனக்கு எப்படி வந்தது என்று கேட்டார். பெடாஸ் பசாரில் பட்டப்பகலில் காசு கொடுத்து வாங்கினேன், விற்றவனைக் காட்டுகிறேன் என்றார் மக்சிக். மாஜிஸ்ட்ரேட் வியர்வையைத் துடைத்தார். பிறகு கார்ப்பரலைப் பார்த்து, பசாருக்குப் போய் விசாரித்தாயா என்றார். இனி விசாரிக்கிறேன் துவான் என்றார் கார்ப்பரல். விசாரித்து முடியும்வரை ஜாமீன், வாரந்தோறும் ஸ்டேசனில் வந்து நிற்க வேண்டும், தோட்டத்தை விட்டு வேறெங்கும் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. மக்சிக் விரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தார்.

வீட்டுக்கு வந்தவர் படுத்துக் கிடக்கவில்லை. அடுத்த பெரட்டிலேயே கத்தியும் வாளியுமாகப் போய் நின்றார். சொன்ன நாளில் ஸ்டேசனுக்குப் போனார். மழையானாலும் போனார்.

விசாரணை முடியுமுன்னே சயாமுக்கு ஆள் எடுக்க லோரி வரப்போகிறது என்று செய்தி வந்தது. முந்தின நாள் மாலையில் லயத்து வாலிபர்கள் சிலர் காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளத் தீர்மானித்தார்கள். இவரையும் கூப்பிட்டார்கள். இவர் வரவில்லை என்றார். பைத்தியக்காரனா நீ, காது போனது போதாதா என்று ஒருவன் கோபித்தான். நானும் அழுதேன். ஒரு ராத்திரி ஒளிந்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டேன்.

“அந்த லோரி நாலு நாள் இங்கயே நின்னுட்டா? நான் ஸ்டேசன்ல நிக்க வேண்டிய நாளுல காட்டுல இருந்தா அந்தம்மாவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அவங்க ஜாமீன் வெச்ச டுரியான் தோட்டத்து மேல நின்னுக்கிட்டு இருக்கேன் நான்,” என்றார்.

காலையில் லோரி வந்தபோது பெரட்டில் இளவயது ஆண் என்று நின்றவர்கள் மிகச் சிலரே. இவர் முன்வரிசை. ஜப்பான் அதிகாரி இவர் தோளைத் தொட்டு லோரியைக் காட்டினான். இவர் குனிந்து வணங்கினார். பிறகு நிமிர்ந்து, நான் கோர்ட்டு ஆள், ரெம்பாவ் மாஜிஸ்ட்ரேட் ஜாமீனில் விட்டிருக்கிறார், அவர் உத்தரவில்லாமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது என்று மலாயில் சொன்னார். அதிகாரி கன்னத்தில் அறைந்தான். இவர் விழுந்து எழுந்து மறுபடி குனிந்து வணங்கி அதையே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கூடவந்த மொழிபெயர்ப்பாளன் அதிகாரியிடம் ஏதோ சொன்னான். உத்தரவு என்ற சொல்லுக்கு அவர்களிடம் எப்போதும் ஒரு பயம் உண்டு. ஸ்டேசனுக்கு ஆள் அனுப்பினார்கள். கார்ப்பரல் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து, ஆமாம், இவன் கோர்ட்டின் ஆள் என்று விறைப்பாக நின்று சொன்னார். லோரி இவரை விட்டுவிட்டுப் போயிற்று. என் உயிர் திரும்பிவந்தது. ஆனால் லோரியில் ஏற்றப்பட்ட மற்றவர்களின் பெண்சாதிகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதபோது, என்னால் சந்தோஷப்படவும் முடியவில்லை. அவர்களில் பலர் திரும்பவில்லை.

வழக்கு முடிந்த விதம் கொஞ்சம் வேடிக்கையானது. கார்ப்பரல் மக்சிக்கைக் கூட்டிக்கொண்டு பசாருக்குப் போனார். சாக்கு விற்ற சீனக் கடைக்காரர் மறைக்கவே இல்லை. வெள்ளைக்காரன் போன கையோடு தோட்டத்து ஸ்டோரிலிருந்த காலிச் சாக்குகளையெல்லாம் கிராணியே எடை போட்டு விற்றிருந்தார். அது குற்றமும் இல்லை. அப்போது யாரும் கேட்பாரில்லை. அதை மூட்டை காணாமல் போன நேரத்தில் சொல்லக் கிராணிக்குத் தைரியம் வரவில்லை. மறுமுறை கோர்ட்டில் கார்ப்பரல் தன் விசாரணையை ஒப்பித்தார். பெடாஸ் பசாரில் நீல முத்திரை போட்ட சாக்கு உடுத்தியவர்களை எண்ணிப் பார்த்து மாளவில்லை துவான், அந்தக் கடைக்காரர் போட்டிருந்த கால்சட்டையின் பின்பக்கத்திலும் அதே முத்திரைதான், எல்லோரையும் பிடிப்பதென்றால் லாக்கப் போதாது என்றார். மாஜிஸ்ட்ரேட் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. அரிசி மூட்டைகளை எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எடுத்தவர்கள் சாப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் மக்சிக் காலைத் தொடக் குனிந்தார். அவர் நகர்ந்துகொண்டு, இதெல்லாம் எதற்கு, நாற்று நட ஆளில்லாமல் பாதி வயல் கிடக்கிறது, இரண்டு பேரும் நாளைக்கு வாருங்கள் என்றார். நாங்கள் மட்டும் போகவில்லை. பால் வெட்டி முடித்த கையோடு லயமே வயலில் இறங்கியது. தன் உடம்பு ஜாமீனுக்குப் போதுமா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார், கங்காணி வீட்டம்மாவும் வந்தாள். வரப்பில் நின்ற மக்சிக்கின் அண்ணன் வயலில் இறங்கவில்லை. மதியம் மட்டும் ஒரு பெரிய பானையில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அவனும் போனான். நாங்கள் தோட்டத்தை விட்டுச் சிரம்பான் பக்கத்துத் தெமியாங்கில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். பிள்ளைகள் பெரியவர்களானார்கள். என் வீட்டுக்காரர் இந்தக் கதையைத் தன் வாயால் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டால், அது பெரிய விஷயமா, அடிதானே என்பார். இடது காது கேட்காததால் பேரப்பிள்ளைகள் அவரிடம் கத்திப் பேசுவார்கள். ஏன் தாத்தாவுக்குக் காது கேட்கவில்லை என்று ஒருத்தி கேட்டபோதுதான் நான் இதை முதன்முதலாக முழுதாகச் சொன்னேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், கிழங்கில் உப்பே இல்லை, அதையும் சொல்லு என்றார்.